சேற்றில் கிடந்த முகங்கள்

வீடு போயிற்று. படகு போயிற்று. பீரோவில் இருந்த பணமும் நகையும் போயின.

கடல் வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டது. தண்ணீர் வடிந்த பிறகு, உயிர் தப்பிய மனிதர் தன் வீடு இருந்த இடத்துக்குத் திரும்பி வருகிறார். முதலில் அவர் தேடுவது தன் ஆட்களை. மனைவி எங்கே? பிள்ளை எங்கே? தாய் எங்கே?

அதற்கு அடுத்தபடி எதைத் தேடுவார்?

பணத்தை என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால், 2011-ம் ஆண்டு ஜப்பான் நாட்டில், எல்லாவற்றையும் இழந்து நின்ற ஏராளமான பேர் சேற்றில் இறங்கித் தேடியது போட்டோ ஆல்பத்தை!

அந்த ஆல்பங்களில் அப்படி என்ன இருந்தது?

பிறந்த நாள் கேக். பள்ளிக்கூடத்து ஓட்டப் பந்தயம். மூக்கு ஒழுகும் குழந்தை. படம் எடுக்கிற நேரத்தில் கண்ணை மூடிக்கொண்ட மாமா. எல்லாக் குடும்பங்களிலும் எடுக்கிற சாதாரணப் படங்கள்தான். அவற்றைக் காப்பாற்ற ஆயிரக்கணக்கான பேர் கிளம்பிய கதை இது.

பகல் 2.46 மணி

அன்று மார்ச் 11-ந் தேதி. வெள்ளிக்கிழமை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். பெரியவர்கள் வேலையில் இருந்தார்கள்.

பகல் 2.46 மணிக்குப் பூமி ஆடியது. பூகம்பத்தின் அளவு 9. ஜப்பானில் பூகம்பத்தை அளக்கத் தொடங்கிய நாள் முதல் அவ்வளவு பெரிய பூகம்பம் வந்ததில்லை.

ஆட்டம் நின்றது. ஆனால், ஆபத்து அதற்குப் பிறகுதான் வந்தது. கடல் எழுந்து ஊருக்குள் புகுந்தது. பல ஊர்களில் அலையின் உயரம் 30 அடிக்கும் மேல்! வீடுகள் தீப்பெட்டிகள் போல மிதந்து போயின. மோட்டார் கார்கள் கூரை மேல் ஏறி உட்கார்ந்தன.

ஏறத்தாழ 15 ஆயிரத்து 900 பேர் மாண்டார்கள். இன்னும் சுமார் 2 ஆயிரத்து 500 பேர் என்ன ஆனார்கள் என்றே தெரியவில்லை. 1 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் அதிகமான வீடுகள் அடியோடு அழிந்தன.

நாகப்பட்டினத்து மக்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி காலையில் அவர்கள் கண்ணால் கண்ட காட்சி அது. வீட்டில் மாட்டியிருந்த ஒரே கல்யாணப் படமும் அன்று கடலோடு போய்விட்ட குப்பங்கள் நம் கரையிலும் உண்டு.

ஜப்பானின் மியாகி மாநிலத்தில், தெற்கு ஓரத்தில், கடலை ஒட்டி யமமோட்டோ என்று ஒரு சிற்றூர். ஸ்ட்ராபெரி பழத்துக்குப் பேர் போன ஊர். அலை வந்த அன்று அங்கே 16 ஆயிரத்துக்குச் சற்று அதிகமான பேர் வசித்தார்கள். 600 பேருக்கு மேல் இறந்தார்கள். ஊரின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கடல்நீர் ஏறியது. ரெயில் நிலையமே இருந்த இடம் தெரியாமல் போயிற்று. தண்டவாளத்தைக் கடலிலிருந்து தள்ளி வேறு இடத்தில் போட்டு, மறுபடி ரெயில் விடுவதற்கு 2016-ம் ஆண்டு டிசம்பர் மாதம் ஆகிவிட்டது.

இந்தச் சின்ன ஊரில்தான் ஒரு பெரிய வேலை தொடங்கியது.

பிணம் தேடியவர்கள்

ராணுவ வீரர்களும் தீயணைப்புப் படையினரும் இடிபாடுகளுக்குள் இறங்கினார்கள். உயிரோடு யாராவது இருக்கிறார்களா என்று தேடினார்கள். பிறகு பிணங்களைத் தேடினார்கள்.

மரத்துண்டுகளைப் புரட்டும்போதெல்லாம் ஆல்பங்கள் கண்ணில் பட்டன. பள்ளிக்கூடத்துக் குரூப் படங்கள். தொட்டில் குழந்தைகள். கல்யாண கோலத்தில் மணமக்கள்.

அந்த வீரர்களுக்கு வேறு வேலை தலைக்கு மேல் இருந்தது. ஆனாலும் அந்தப் படங்களை மிதித்துக்கொண்டு போக மனம் வரவில்லை. எடுத்து ஓரமாக வைத்தார்கள்.

அந்த மாதம் 25-ந் தேதி ஜப்பான் அரசாங்கம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. இடிந்த வீடுகளை எப்படி அகற்றவேண்டும் என்பது பற்றிய அறிவிப்பு. இடிந்த சுவரை என்ன செய்வது, கவிழ்ந்த காரை என்ன செய்வது என்றெல்லாம் அதில் இருந்தது. அதோடு இன்னொன்றும் இருந்தது. இறந்தவர்களின் பெயர்ப் பலகைகளும் ஆல்பங்களும் கிடைத்தால், குப்பையோடு கொட்டிவிட வேண்டாம். தனியாக எடுத்து வைத்து, சொந்தக்காரர்களிடம் கொடுக்க வழி செய்யுங்கள் என்றது அரசாங்கம்.

ஜப்பானில் பல வீடுகளில் முன்னோர்களுக்கு ஒரு சிறு மாடம் உண்டு. இறந்தவரின் பெயர் எழுதிய பலகையை அங்கே வைத்து வணங்குவார்கள். பக்கத்தில் அவருடைய போட்டோ இருக்கும். நம் வீடுகளில் தாத்தா படத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சின்ன பல்பு எரியவிடுகிறோமே, கிட்டத்தட்ட அதைப் போலத்தான். அந்தப் பலகைக்குச் சமமாக ஆல்பத்தையும் சேர்த்து எழுதினார் ஓர் அதிகாரி. அவர் யாரோ, மனிதர்களை அறிந்தவர்!

யமமோட்டோவில் இப்படிச் சேர்ந்த படங்கள் எவ்வளவு தெரியுமா? சுமார் 7 லட்சத்து 50 ஆயிரம்! மூட்டை மூட்டையாக, பெட்டி பெட்டியாகப் பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடத்தில் அவை குவிந்தன. எல்லாவற்றிலும் உப்பு. சேறு. நாற்றம்.

ஒரு டாலர் காமிரா

ஒரு சிற்றூரில் 7 லட்சத்து 50 ஆயிரம் போட்டோக்களா? எப்படி வந்தன?

நூற்றைம்பது வருஷங்களுக்கு முன்பு போட்டோ என்பது பணக்காரர்கள் விவகாரம். சாதாரண மனிதன் ஆயுளில் ஒரு தடவை படம் எடுத்துக்கொண்டாலே பெரிய காரியம். 1900-ம் ஆண்டு அமெரிக்காவில் கோடக் கம்பெனி 'பிரவுனி' என்ற காமிராவை விற்றது. விலை ஒரே ஒரு டாலர். சின்னப் பையனும் அதில் படம் எடுக்கலாம். அதிலிருந்துதான் அடுப்படியும் திண்ணையும் நாய்க்குட்டியும் போட்டோவில் ஏறின.

ஜப்பானில் 1986-ம் ஆண்டு இன்னொரு வேடிக்கைக் காமிரா வந்தது. பியூஜி பிலிம் கம்பெனி செய்தது. பிலிம் உள்ளேயே இருக்கும். படம் எடுத்து முடித்ததும் காமிராவை அப்படியே கடையில் கொடுத்துவிட வேண்டும். படங்கள் மட்டும் திரும்பி வரும். திருவிழாவுக்குப் போகிறவர்கள், சுற்றுலா போகிறவர்கள், பாட்டிமார்கள்கூட அதை வாங்கினார்கள்.

தமிழ்நாட்டில் போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று பயந்த காலமும் உண்டு. பிறகு ஸ்டூடியோக்கள் வந்தன. மாளிகையும் தோட்டமும் எழுதிய திரைச்சீலைக்கு முன்னால் புதுத் தம்பதிகள் விறைப்பாக உட்கார்ந்தார்கள். அதற்கும் பிறகு, 'ஆக்பா கிளிக்' காமிரா வைத்திருந்த ஒரு சித்தப்பாவோ மாமாவோ குடும்பத்துக்குக் குடும்பம் முளைத்தார். ஒரு பிலிம் சுருளில் 12 படம்தான். ஆகையால், "ஆடாதே! சிரி!" என்று அவர் அதட்டியே படம் எடுத்தார். சிரிப்பு வந்ததோ இல்லையோ, படம் நின்றது.

கிருமிகளுக்கு விருந்து

யமமோட்டோவுக்கு வருவோம்.

சேற்றில் புரண்ட படம் எத்தனை நாள் தாங்கும்? இதைப் புரிந்துகொள்ள, போட்டோ எப்படி உண்டாகிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

போட்டோ வெறும் காகிதம் இல்லை. காகிதத்தின் மேல் ஜெலட்டின் என்ற பசை பூசியிருக்கும். மாட்டுத்தோல், எலும்பு முதலியவற்றைக் காய்ச்சி எடுக்கிற பசை அது. கலர் படம் என்றால், அந்தப் பசையில் மூன்று நிறங்கள் அடுக்கடுக்காக இருக்கும். அடியில் மஞ்சள். நடுவில் ஊதாச் சிவப்பு. எல்லாவற்றுக்கும் மேலே நீலம்.

படம் நனைந்தால் பசை இளகும். இளகிய பசை கிருமிகளுக்கு நல்ல தீனி! படத்தின் ஓரத்தில் தொடங்கி உள்ளே உள்ளே தின்றுகொண்டு போகும். மேலே உள்ள நீலம் முதலில் போய்விடும். ஆகையால் படம் சிவந்துவிடும். பிறகு சிவப்பும் போகும். மஞ்சள் மட்டும் மிஞ்சும். கடைசியில் அதுவும் போய், வெள்ளைக் காகிதம்தான் கையில் இருக்கும்.

நல்ல காலமாக, அலை வந்தபோது அங்கே கடுங்குளிர். குளிரில் கிருமிகள் மெதுவாகத்தான் வளரும். ஆனால், கோடைக்காலம் வந்துவிட்டால்? ஆல்பத்துக்குள் ஈரமும் வெப்பமும் சேர்ந்துகொள்ளும். ஒரு கல்யாணமே கரைந்து போகும்.

அதற்குள் படங்களைக் கழுவியாக வேண்டும்!

கழுவிய கைகள்

நனைந்த படத்தை மறுபடி தண்ணீரிலேயே போடுவதா என்று மக்கள் தயங்கினார்கள். பியூஜி பிலிம் கம்பெனிக்குக் கேள்விகள் வந்து குவிந்தன. கம்பெனியார் சோதித்துப் பார்த்து, "சுத்தமான தண்ணீரில் கழுவலாம். பயப்பட வேண்டாம்" என்று வழி சொன்னார்கள். ஆட்களையும் அனுப்பினார்கள். கம்பெனியின் ஆலையில், வேலை செய்கிறவர்களும் ஓய்வு பெற்றவர்களும் அவர்கள் வீட்டாரும் சேர்ந்து உட்கார்ந்து, ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான படங்களைக் கழுவிக் கொடுத்தார்கள்.

ரிக்கோ கம்பெனியாரும் இந்த வேலையில் இறங்கினார்கள். ஒனகாவா, மினாமி சன்ரிக்கு முதலிய ஊர்களின் படங்களை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நாலு வருஷம் வேலை நடந்தது. 4 லட்சத்து 18 ஆயிரம் படங்களுக்கு மேல் சுத்தம் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள்.

யமமோட்டோவில் வேலையைத் தூக்கிச் சுமந்தவர்கள் கல்லூரி ஆசிரியர்களும் மாணவர்களும் தொண்டர்களும்தான். தோக்கியோ நகரத்திலிருந்து பஸ் ஏறி வந்தார்கள். முனெமாசா தகஹாஷி என்ற இளம் போட்டோக்காரரும் அவர்களில் ஒருவர்.

வேலை எப்படி நடந்தது?

ஆல்பத்தின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் பிரிப்பார்கள். எந்தப் படம் எந்த ஆல்பத்தில் இருந்தது என்று நம்பர் போடுவார்கள். இது முக்கியம். ஒரு படத்தில் இருப்பவர் யார் என்று தெரிந்துவிட்டால், அந்த ஆல்பம் முழுவதற்கும் சொந்தக்காரர் கிடைத்துவிடுவார் அல்லவா?

பிறகு படத்தைத் தண்ணீர்த் தொட்டியில் விடுவார்கள். விரல் நுனியாலும் மெல்லிய பிரஷ்ஷாலும் சேற்றைத் தள்ளுவார்கள். அழுகிய இடத்தைத் தொடக் கூடாது. தொட்டால் முகம் கையோடு வந்துவிடும்! ஒரு விரல் அகலம் தப்பாகத் தேய்த்தால், ஒரு தாயின் கண் போய்விடும். அந்தத் தாய்க்கு உலகத்தில் வேறு படம் இல்லாமல் இருக்கலாம்.

கழுவிய படங்களைக் கொடியில் தொங்கவிட்டு, துணி கிளிப் போட்டுக் காய வைத்தார்கள். வேட்டியும் புடவையும் தொங்குகிற மாதிரி முகங்கள் வரிசை வரிசையாகத் தொங்கின. காய்ந்த பிறகு, ஒவ்வொரு படத்துக்கும் டிஜிட்டல் காமிராவால் நகல் எடுத்தார்கள்.

"உண்ண உணவும் இருக்க இடமும் இல்லாத ஊரில் போட்டோவைக் கழுவிக்கொண்டிருப்பதா?" என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்விதான். அரிசியை வேறு யாராவது கொண்டுவந்து கொடுக்க முடியும். செத்துப்போன குழந்தையின் சிரிப்பை யார் கொண்டுவந்து கொடுப்பார்கள்?

நம் வீட்டில் நனைந்தால்

2015-ம் ஆண்டு டிசம்பர் மாதம் சென்னை வெள்ளத்தில் எத்தனையோ வீடுகளில் ஆல்பங்கள் நனைந்தன. பலர் செய்த முதல் காரியம், ஆல்பத்தைக் கொண்டுபோய் வெயிலில் வைத்தது. அது தவறு. நனைந்த படங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டியபடியே காய்ந்துவிட்டால், பிறகு பிரிக்கவே முடியாது. பிரித்தால் ஒரு படத்தில் இருந்த முகம் இன்னொரு படத்தின் முதுகில் போய் ஒட்டிக்கொள்ளும்.

ஈரம் காய்வதற்குள் பிரிக்கவேண்டும். வலித்து இழுக்கக் கூடாது. ஒட்டிய படங்களைக் குளிர்ந்த, சுத்தமான தண்ணீரில் ஊறவிட்டால் தாமாகவே கழன்று வரும். சோப்பு வேண்டாம். துணியால் துடைக்க வேண்டாம். இரண்டு மூன்று தடவை தண்ணீரை மாற்றி அலசி, படம் மேலே தெரியும்படி வெள்ளைத் துணியில் பரப்பி, நிழலில் காற்றாட விடலாம். செய்தித்தாளில் பரப்பினால், அதன் மை ஒட்டிக்கொள்ளும்.

உடனே செய்ய நேரமில்லையா? ஒவ்வொரு படத்துக்கும் நடுவில் மெழுகுக் காகிதம் வைத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, பிரிஜ்ஜின் ஐஸ் பெட்டியில் வைத்துவிடலாம். கிருமிகளுக்குப் பல் கிட்டிப்போகும்! நேரம் கிடைக்கும்போது எடுத்துக் கழுவிக்கொள்ளலாம்.

எல்லாப் படத்தையும் கழுவிவிட முடியாது. வீட்டுக் கம்ப்யூட்டர் பிரிண்டரில் அச்சடித்த படங்களும், கையால் வர்ணம் தீட்டிய பழைய படங்களும் தண்ணீரில் கரைந்துவிடக் கூடும். ஆகையால் எதைச் செய்வதற்கு முன்பும், படம் எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே போன் காமிராவால் ஒரு நகல் எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம். பிரேம் கண்ணாடியோடு ஒட்டிக் காய்ந்துவிட்ட படத்தைக் கத்தியால் நெம்பக் கூடாது. கண்ணாடியோடு சேர்த்தே நகல் எடுத்துக்கொள்ளலாம்.

போன் என்றதும் இன்னொரு விஷயம். இன்று கலியாணம், காதுகுத்து எல்லாம் போனுக்குள் இருக்கின்றன. பல்லாயிரம் படம் எடுக்கிறோம். ஒன்றைக்கூட காகிதத்தில் போடுவதில்லை. போன் தொலைந்தால், வேறு எங்கும் பிரதி இல்லை என்றால், அத்தனையும் தொலைந்தது. தெருவில் போகிறவர் கண்ணில் படவும், பத்திரமாக எடுத்து வைக்கவும், அங்கே ஆல்பம் எதுவும் கிடக்காது.

"இது யார் பிள்ளை?"

கழுவியாயிற்று. காய்ந்தாயிற்று. இனி யாரிடம் கொடுப்பது?

படத்தின் பின்னால் பெயர் எழுதி வைத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். எங்கும் இதே கதை! "நம் பிள்ளைதானே, நமக்குத் தெரியாதா?" என்று எழுதாமல் விட்டுவிடுகிறோம்.

தொண்டர்கள் துப்பறிவாளர்கள் ஆனார்கள். பின்னால் தெரிகிற பள்ளிக்கூடத்தின் பெயர். பிள்ளையின் சட்டையில் தைத்திருக்கும் பெயர்ச் சீட்டு. படத்தின் மூலையில் அச்சான தேதி. ஒவ்வொன்றையும் குறித்து வைத்தார்கள். படங்களை ஊர் வாரியாகவும் பள்ளிக்கூட வாரியாகவும் பிரித்து மேஜை மேல் அடுக்கினார்கள்.

ஜனங்கள் வந்தார்கள். மணிக்கணக்கில் நின்று ஆல்பங்களைப் புரட்டினார்கள். தன் படம் கிடைக்காமல் பக்கத்து வீட்டுக்காரர் படத்தைக் கண்டுபிடித்தவர்களும் உண்டு. "இது நம்ம தெருப் பிள்ளை ஆயிற்றே!" என்று அடையாளம் சொல்ல, அந்தச் செய்தி தற்காலிக வீட்டில் இருந்த சொந்தக்காரருக்குப் போய்ச் சேரும். அலை வந்த பிறகு, ஒரே தெருவில் இருந்தவர்கள் ஆளுக்கு ஒரு மூலையாகப் பிரிந்து போயிருந்தார்கள். அவர்களை மறுபடி பேச வைத்தது ஒரு பழைய படம்.

கிடைத்த படத்தை எடுத்துக்கொண்டு சிலர் நேராக வீட்டு மாடத்துக்குப் போனார்கள். இறந்தவருக்குச் சடங்கு நடத்தும்போது அவருடைய போட்டோவை நடுவில் வைப்பது ஜப்பானியர் வழக்கம். படமே இல்லாமல் சடங்கு நடத்திய குடும்பங்கள் எத்தனையோ! சேற்றிலிருந்து எடுத்துக் கழுவிய படம்தான் பிறகு அந்த இடத்துக்கு வந்தது. ஓரம் அரித்திருந்தால் என்ன? முகம் இருந்தது.

சிலர் வாசல் வரை வந்துவிட்டு, உள்ளே வராமல் திரும்பிப் போனார்கள். பார்க்கத் துணிவு இல்லை. இன்னும் சிலர் வருஷக்கணக்கில் கழித்து வந்தார்கள். எப்போது பார்ப்பது என்பதை அவரவர் மனம்தான் முடிவு செய்யவேண்டும். ஆகையால், படங்களை அவசரப்பட்டுக் கழித்துவிடாமல் காத்திருந்தது நல்லதாகப் போயிற்று.

ரிக்கோ கம்பெனியார் சுத்தம் செய்தவற்றில் சுமார் 90 ஆயிரம் படங்கள் சொந்தக்காரர்களிடம் திரும்பிப் போயின. யமமோட்டோவில் திரும்பிப் போனவை பல லட்சம்.

ஆகாது என்று வைத்த பெட்டி

எல்லாப் படங்களும் பிழைத்துவிடவில்லை.

யமமோட்டோவில் சில பெட்டிகளைத் தனியாக ஒதுக்கி வைத்திருந்தார்கள். இனி ஆகாது என்று முடிவு கட்டிய படங்கள். ஆயிரக்கணக்கில் இருந்தன. முகம் முழுவதும் அழிந்துவிட்டது. ஒன்றில் கிமோனோ உடை மட்டும் தெரியும். ஒன்றில் இரண்டு கால்கள். ஒன்றில் தோளின் மேல் ஒரு கை; அது யார் கை, யார் தோள் என்று தெரியாது. மற்றெல்லாம் தீ பிடித்த மாதிரிச் சிவப்பும் மஞ்சளும்.

குப்பையில் போடவேண்டியதுதான். ஆனால் தகஹாஷிக்கு மனம் வரவில்லை. ஊராரின் சம்மதத்தோடு அவற்றை வெளியூருக்கு எடுத்துச் சென்றார். 2012-ம் ஆண்டு அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ், நியூயார்க் நகரங்களில் கண்காட்சி நடந்தது. சுவர் முழுவதும், இடைவெளி இல்லாமல், தரையிலிருந்து உயரே வரை அந்தப் படங்களையே ஒட்டினார்கள். பிறகு ஆஸ்திரேலியாவிலும் இத்தாலியிலும் அவற்றை மக்கள் பார்த்தார்கள். வந்தவர்கள் கொடுத்த நன்கொடை யமமோட்டோ மக்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்தப் படங்களில் இருப்பவர்கள் யாரோ. பார்க்க வந்தவர்கள் யாரோ. ஜப்பானியமொழியில் ஒரு சொல்கூட அவர்களுக்குத் தெரிந்திருக்காது. ஆனால், தோளில் கை போட்டு நிற்பது எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

அப்பா எங்கே?

வடக்கே இவாத்தே மாநிலத்தில் நோடா என்று ஒரு கடற்கரைக் கிராமம். அங்கேயும் படம் கழுவும் வேலை நடந்தது. அதில் கைகொடுத்தவர்களில் ஒருவர் மசாஷி அசாடா.

இவர் சாதாரண ஆள் அல்ல. ஜப்பானில் போட்டோக்காரர்களுக்குக் கொடுக்கும் பெரிய பரிசு ஒன்றை 2009-ம் ஆண்டில் பெற்றவர். பரிசு எதற்குக் கிடைத்தது தெரியுமா? தன் சொந்தக் குடும்பத்தைப் படம் எடுத்ததற்கு! அப்பா, அம்மா, அண்ணன், தான் என்று நாலு பேரும் தீயணைப்புக்காரர் போலவும் இன்னும் பல விதமாகவும் வேஷம் போட்டுக்கொண்டு நிற்பார்கள். பார்த்தால் சிரிப்பு வரும். அப்படிச் சிரிக்க வைத்தவர், நோடா கிராமத்தில் யார் யாருடைய குடும்பப் படங்களையோ தண்ணீரில் அலசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவருடைய வாழ்க்கையை வைத்து 2020-ம் ஆண்டு ஒரு சினிமா வந்தது. 'அசாடா குடும்பம்' என்பது பெயர். அதில் ஒரு சிறுமி வருகிறாள். அவள் அப்பாவைக் கடல் கொண்டுபோய்விட்டது. படங்கள் காய்கிற இடத்துக்கு அவள் வருகிறாள். தேடுகிறாள்.

அப்பா படம் மட்டும் கிடைக்கவே இல்லை.

ஏன் கிடைக்கவில்லை என்று போட்டோக்காரருக்கும் முதலில் விளங்கவில்லை. பிறகுதான் தன் வீட்டு நினைவு வருகிறது. அவர் சிறு பையனாக இருந்தபோது, புத்தாண்டு வாழ்த்துக்காக வருஷம் தவறாமல் அண்ணனையும் தம்பியையும் நிறுத்தி வைத்துப் படம் எடுத்தவர் அவர் அப்பாதான். எத்தனை வருஷத்துப் படம்! ஒன்றிலும் அப்பா இல்லை.

காமிரா அவர் கையில் இருந்தது.

சிறுமியின் வீட்டிலும் அப்படித்தான். நம் வீட்டுப் பழைய ஆல்பத்தை எடுத்துப் பார்த்தாலும் அந்த ஒருவர் குறைவார். குழந்தைகள் வரிசையாக நிற்பார்கள். ஒருவன் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருப்பான். ஒருத்தி பல் இல்லாமல் சிரிப்பாள். எல்லாரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அந்தப் பக்கத்தில்தான் அப்பா நிற்கிறார்.